வன்னிக் குழந்தைகளின் தோலில் படித்தவை

குழந்தை வைத்தியத்தில் நோயாளி தன் வருத்தத்தை வாய் திறந்து சொல்லமாட்டார். உதைப்பார், கடிப்பார், மடியில் மூத்திரம் பெய்வார், மிச்சத்தை நாங்கள்தான் அவருடைய உடம்பைப் பார்த்து ஊகிக்க வேண்டும். இந்தத் தொழிலில் உதை வாங்கியவர்களுக்கு நான் எதையும் விளக்கத் தேவையில்லை. வாங்காதவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அறுபதுகளின் தொடக்கத்தில், கொழும்பில் லேடி டொக்டராகி வெளியே வந்த கையோடு, சிறுவர் வைத்தியம் பழகவென்று வன்னியில் ஒரு அரசாங்க ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தேன். கிளிநொச்சிப் பக்கமிருந்தும் முல்லைத்தீவுப் பக்கமிருந்தும் பஸ்ஸிலும் மாட்டுவண்டிலிலும் பிள்ளைகளைக் கொண்டுவருவார்கள். குழந்தை வாட்டுக்குப் பொறுப்பாக இருந்தவரைப் பெரிய டொக்டர் என்போம். யாழ்ப்பாணத்துக்காரர், இங்கிலாந்தில் படித்தவர், எந்த நேரமும் எரிந்து விழுகிறவர். முதல் நாளே என்னைப் பார்த்து, "இஞ்சை வாற பிள்ளையளிலை அரைவாசிக்குத் தோலிலை ஏதோ ஒண்டு இருக்கும், பிள்ளை. அதை ஒழுங்காய்ப் பழகும். பிறகு மற்றதைப் பாப்பம்" என்றார். அப்படித்தான் நான் தோலைப் படிக்கத் தொடங்கினேன்.

ரோசாப்பூ நிறம்

என்னிடம் இங்கிலாந்தில் அச்சான தடித்த புத்தகம் ஒன்று இருந்தது. சின்னமுத்து என்கிற தட்டம்மை வந்த பிள்ளைக்கு முகத்தில் மங்கிய ரோசாப்பூ நிறத்தில் தடிப்பு வரும் என்று அதில் எழுதி, பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரக் குழந்தையின் படமும் போட்டிருந்தார்கள். முல்லைத்தீவு வீதியில், காட்டோரக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு சின்னப் பெண்பிள்ளையைக் காய்ச்சலோடு கொண்டுவந்தார்கள். நல்ல கறுப்புப் பிள்ளை. யன்னலோரம் தூக்கிக்கொண்டுபோய் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ரோசாவும் இல்லை, ஒன்றும் இல்லை. கன்னத்தைத் தடவியபோது மட்டும் மணலைத் தடவியதுபோல இருந்தது. பெரிய டொக்டர் எட்டிப் பார்த்து, "கண்ணாலை தேடாதையும், விரலாலை தேடும். சின்னமுத்து. நெஞ்சுக்கும் இறங்கீட்டுது" என்றார்.

பென்சிலின் ஊசி போடவேண்டும் என்றதும் தகப்பன் பிள்ளையைப் பறித்துத் தோளில் போட்டுக்கொண்டார். அம்மாள் விளையாடுகிற உடம்பு, ஊசி குத்தக்கூடாது என்பது அவருடைய கட்சி. பெரிய டொக்டர் கத்தப்போகிறார் என்று நினைத்தேன். அவரோ, "அப்ப அம்மாளிட்டையே கேட்டுக்கொண்டு வாரும். நாங்கள் நிக்கிறம்" என்றார். தகப்பன் பிள்ளையோடு முற்றத்து வேப்பமரத்தடிக்குப் போனார். ஊசி மருந்து கையில் இருக்க, நாங்கள் யன்னலால் பார்த்துக்கொண்டு நின்றோம். அவர் கும்பிட்டுவிட்டுத் திரும்பி வந்து, பிள்ளையின் தொடையைக் காட்டினார்.

காய்ச்சல் விட்டது, இளைப்பும் விட்டது. ஆனால் ஒட்டிக் கிடந்த இமைகளை உப்புத் தண்ணீரால் கழுவித் திறந்தபோது, ஒரு கண்ணின் கறுப்பு முழுவதும் பாலாடைபோல வெளுத்துக் கிடந்தது. ஏற்கெனவே சத்தில்லாத பிள்ளைக்குச் சின்னமுத்து வந்தால் அப்படிக் கண்ணில் இறங்குவதுண்டு. அந்தக் கண் இனித் தெரியாது என்று சொல்லும் வேலை எனக்கு விழுந்தது. தகப்பன் பிள்ளையின் தலையைத் தடவிக்கொண்டு சொன்னார்: "உயிரைத் தந்திட்டா, ஒரு கண்ணை எடுத்திட்டா. அம்மாளோடை எங்கட கணக்குத் தீந்துபோச்சு, பிள்ளை."

வெள்ளை மருந்து

சொறியைப் பற்றி எழுதும்போது இப்போதும் விரலிடுக்கு அரிக்கிறது. குழந்தை வாட்டில் வேலை செய்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், சொறியை நீங்கள் படிப்பதில்லை, அது உங்களைப் படிக்கும். வந்த மாதமே எனக்குத் தொற்றிவிட்டது. வாட்டைச் சுற்றிவரும்போது கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு இரகசியமாகச் சொறிவேன். தாதி திரேசா மிஸியும் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பதைக் கண்ட பிறகுதான் மனம் ஆறியது.

ஒரு ஆவணி மாதம் துணுக்காய்ப் பக்கமிருந்து ஒரு தாயும் அவளுடைய பிள்ளைகளும் வண்டிலில் வந்து இறங்கினார்கள். கைக்குழந்தை தொடக்கம் மூத்த பெடிச்சிவரை எல்லோருக்கும் சொறி. விரலிடுக்கு, மணிக்கட்டு, இடுப்பு, குண்டி எல்லாம் பொருக்கு. கைக்குழந்தை நித்திரை கொள்ளாமல் தாயின் நெஞ்சில் தன் உடம்பைத் தேய்த்துக்கொண்டே இருந்தது. நான் மனப்பாடம் செய்து வைத்திருந்ததை அழகாக ஒப்பித்தேன். வீட்டில் எல்லோரும் ஒரே நாளில் சவர்க்காரம் போட்டுத் தேய்த்துக் குளிக்க வேண்டும், துடைத்துவிட்டு இந்த வெள்ளை மருந்தைக் கழுத்துக்குக் கீழே ஒரு இடமும் விடாமல் பூச வேண்டும், உடுப்பு, படுக்கிற துணி எல்லாவற்றையும் கொதிக்கிற தண்ணீரில் அவித்துக் காயவிட வேண்டும். தாய் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டாள். போத்தலையும் வாங்கிக்கொண்டாள். அவர்கள் ஏறப்போன நேரத்தில் வண்டில்காரர்தான் என்னிடம் வந்து விளங்கப்படுத்தினார்: அவர்களுடைய குளம் ஆனியிலேயே வற்றிவிட்டது, குடிக்கிற தண்ணீரே தூரத்துக் கிணறு ஒன்றிலிருந்து பீப்பாயில் வருகிறது.

நான் ஓடிப்போய் அவர்களை மறித்தேன். ஆஸ்பத்திரிக் கிணற்றிலேயே எல்லோரையும் குளிக்க வைத்து, திரேசா மிஸியும் நானும் வரிசையாக நிறுத்தி மருந்து பூசி அனுப்பினோம். பிள்ளைகள் தலையில் தண்ணீர் விழ விழக் கூத்தாடினார்கள். போட்டுக்கொண்டு போக அவர்களுக்கு மாற்று உடுப்பு இல்லை. பழைய உடுப்பையே போட்டார்கள். இனி மழை வரும்வரை எப்படியாவது கிழமைக்கு ஒருமுறை குளிக்கப் பாருங்கள் என்று தாயிடம் சொன்னேன். அவள் கோபிக்கவில்லை, சிரிக்கவும் இல்லை. "குளிக்கத் தண்ணி கிடந்தால் எங்களுக்கு ஏன், பிள்ளை, சொறி வருது?" என்றாள்.

கொழுத்த பிள்ளை

தர்மபுரத்திலிருந்து ஒரு கமக்காரர் தன் மகனோடு வந்தார். பள்ளிக்கூடம் சேர்க்கிற வயது. கால் முழுக்கச் சொறிப் புண், சீழ் கட்டிக் காய்ந்து பொருக்காகி இருந்தது. அதற்குக் களிம்பு வாங்கத்தான் வந்திருந்தார். பையன் முகம் உப்பி, கண் சிறுத்து, கன்னம் பளபளவென்று இருந்தான். "சொறி கிடந்தாலும் ஆள் இப்ப கொழுத்து வாறான்" என்று தகப்பன் சொல்லிச் சிரித்தார். யாழ்ப்பாணத்தில் காணியில்லாமல் இருந்து, காடு வெட்டிக் குடியேறி, இப்போதுதான் முதல்தரமாக நல்ல விளைச்சல் கண்டவர். மகன் கொழுத்தால் சந்தோசப்பட அவருக்கு உரிமை இருந்தது. நான் அவனுடைய கன்னத்தைவிட்டுக் கணுக்காலை விரலால் அமத்தினேன். அமத்தின இடம் குழியாகவே நின்றது. சிறுநீர் எடுத்துப் பார்த்தோம். பால் விடாத தேத்தண்ணியின் நிறம்.

சொறிப் புண்ணில் பிடிக்கிற கிருமி சில பிள்ளைகளுக்குச் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும் என்பதை நான் புத்தகத்தில் வாசித்திருந்தேன், கண்ணால் கண்டது அன்றுதான். உடனே வாட்டில் போட்டு, உப்பை நிறுத்தி, பென்சிலின் தொடங்கினோம். இரத்த அழுத்தம் இறங்க அந்தக் காலத்தில் எங்களிடம் இருந்த மருந்தையும் கொடுத்தோம். பையன் கட்டிலில் இருந்து, வாட்டுக்குப் போட்டிருந்த தகரக் கூரையில் காகம் நடக்கிற சத்தத்தைக் கேட்டுச் சிரித்துக்கொண்டிருந்தான். அடுத்த நாள் மத்தியானம், ஆட்கள் பார்க்க வருகிற நேரத்தில், தலையிடிக்கிறது என்றான். பிறகு கண் தெரியவில்லை என்றான். வலிப்பு வந்தது. பெரிய டொக்டர் சாப்பாட்டு மேசையிலிருந்து கை கழுவாமல் ஓடிவந்தார். திரேசா மிஸியும் சேர்ந்து மூன்றுபேரும் அவனை விடாமல் நின்றோம். வலிப்பு நின்றது, கொஞ்ச நேரத்தில் மூச்சும் நின்றது.

தகப்பன் அவனுக்கென்று வாங்கின, கடதாசியில் சுற்றின இனிப்புச் சரையோடு வாசலில் நின்றார். பெரிய டொக்டர் அவரைக் கதிரையில் இருத்தி, தானும் பக்கத்தில் இருந்து, புண்ணில் தொடங்கியது எப்படிச் சிறுநீரகத்துக்குப் போனது, அங்கிருந்து மூளைக்கு எப்படிப் போனது என்று மெதுவாகச் சொன்னார். அப்படி அவர் பொறுமையாகப் பேசி நான் அதற்கு முன் கேட்டதில்லை. தகப்பன் எல்லாவற்றையும் கேட்டார். ஊரில் எல்லாப் பிள்ளைக்கும் காலில் அதே புண்தான். கடைசியில் எங்கள் இரண்டுபேரையும் மாறிமாறிப் பார்த்துக் கேட்டார்: "சொறியிலை ஆரும் சாவினமோ, டொக்டர்?"

இங்கிலீசு முட்டை

உருத்திரபுரத்து வாய்க்கால் ஓரக் காணியொன்றிலிருந்து வந்த இளம் தாய், இடுப்பில் ஒன்று, வயிற்றில் ஒன்று. இடுப்பில் இருந்ததற்குத்தான் வருத்தம். பால் மறந்து சில மாதமாம். தலைமயிர் செம்பட்டையாகி, கால் வீங்கி, தொடையிலும் முதுகிலும் தோல் கறுத்து வெடித்து உரிந்துகொண்டிருந்தது. குளம் வற்றினபிறகு அடியில் கிடக்கிற சேறு எப்படி வெடிக்கும், அப்படி. உரிந்த இடத்தில் பச்சைப் புண். பிள்ளை அழவில்லை, எங்களை அலுப்போடு பார்த்தது. யாரோ செய்வினை செய்ததாக வீட்டில் சொல்கிறார்கள் என்று தாய் அழுதாள். பெரிய டொக்டர் பிள்ளைக்கு என்ன சாப்பாடு என்று கேட்டார். கஞ்சி, சோறு, சோற்றுக்கு விட்ட தண்ணி. நெல் விளைகிற வீடுதான். பிள்ளையின் வாய்க்குச் சோற்றைத் தவிர வேறொன்றும் போகவில்லை.

பூசுவதற்கு ஊதா மருந்து இருந்தது, ஆனால் வேலை செய்தது கரண்டிதான். பால்மாவைக் கரைத்துக் கரண்டி கரண்டியாக ஊட்டினோம். முதலில் துப்பியது. பிறகு விழுங்கியது. வீக்கம் வற்றியபோது அது எலும்பும் தோலுமாகிவிட்டது என்று தாய் பயந்தாள், அதுதான் அதன் உண்மையான உடம்பு என்று சொல்லத் திரேசா மிஸி பட்டபாடு. ஒருநாள் காலை கட்டிலடியால் போன என்னைப் பார்த்துச் சட்டையைப் பிடித்து இழுத்துக் கத்தி அழுதது. கேட்டவர்கள் எல்லோரும் சிரித்தோம். அழத் தெம்பு வந்துவிட்டால் அந்த நோய்க்காரப் பிள்ளை பிழைக்கும்.

வீட்டுக்கு அனுப்பும் நாளில், தினமும் ஒரு முட்டை, பருப்பு, மீன், வீட்டுப் பசுவில் ஒரு சுண்டுப் பால் என்று தாய்க்குச் சொன்னேன். பசுவும் கோழியும் அவர்களிடம் இருந்தன. ஆனால் முட்டை அடைவைக்க, பால் ஆம்பிளைகளின் தேத்தண்ணிக்கு. அவற்றைப் பூட்டிவைக்கிற அலுமாரித் திறப்பு மாமியாரிடம். அதைச் சொல்லிவிட்டு அவள் யோசித்தாள். நான் எழுதிய மருந்துத் துண்டுகளிலேயே எழுத்துத் திருத்தமாக அமைந்தது அன்று எழுதியதுதான், ஏனென்றால் அவள் குனிந்து என் காதுக்குள் கேட்டது இது: "டொக்டரம்மா, முட்டையெண்டதை இங்கிலீசிலை எழுதித் தாங்கோ. தமிழிலை கண்டால் மாமி அதை மருந்தெண்டு நம்பமாட்டா."

தொட்டால் சொல்லு

இது நடந்த ஊரின் பெயரை இன்றும் சொல்லமாட்டேன். பிள்ளைக்கு மல்லிகா என்று பெயர் வைத்துக்கொள்வோம். நல்லாய்ப் படிக்கிற, வாயாடிப் பெட்டை. முழங்கைக்கு மேலே ஒரு வெளிறிய வட்டம், தேமல்போல. தேமல் என்றுதான் தாயும் நினைத்திருந்தாள். பெரிய டொக்டர் என்னிடம் கொஞ்சம் பஞ்சைத் தந்தார். நான் அதை நூலாகத் திரித்து, மல்லிகாவின் கண்ணைப் பொத்தி, "நான் தொடேக்கை சொல்லு" என்றேன். அவளுக்கு அது விளையாட்டு. கன்னத்தில் தொட்டேன், "இஞ்சை!" என்றாள். உள்ளங்கையில் தொட்டேன், கூசிச் சிரித்தாள். அந்த வட்டத்துக்குள் தொட்டேன். பேசாமல் இருந்தாள். திரும்பவும் தொட்டேன். "தொடுங்கோவன், ஏன் நிக்கிறியள்?" என்றாள். தாய் சத்தமில்லாமல் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். அந்த நோயின் பெயரை அந்த அறையில் ஒருவரும் சொல்லவில்லை. மல்லிகா மட்டும் இன்னும் தொடுகைக்காகக் காத்துக்கொண்டிருந்தாள்.

இப்போது இதற்கு விழுங்கக் குளிசை இருக்கிறது, ஒரே ஒரு வட்டம், யாருக்கும் தொற்றாது, பிள்ளையை அந்த நோய்க்காரரை ஒதுக்கிவைக்கிற தீவுக்கும் அனுப்பவேண்டாம், வேறு ஆஸ்பத்திரிக்கும் அனுப்பவேண்டாம், வீட்டிலிருந்தே நோயை மாற்றலாம் என்று பெரிய டொக்டர் சொன்னார். தாய்க்கு அதில் பாதியாவது காதில் விழுந்ததோ தெரியாது. ஆனால் சட்டப்படி அறிவிக்க வேண்டியதை அறிவித்தோம். காக்கிக் காற்சட்டை போட்ட சுகாதாரப் பரிசோதகர் சைக்கிளில் அவர்கள் வீட்டு வாசற் படலையில் போய் இறங்கினார். அது போதுமாயிருந்தது. பிறகு ஊரில் ஒரு வீட்டிலும் மல்லிகாவுக்குத் தண்ணீர் கொடுக்கவில்லை. பள்ளிக்கூட வாங்கில் பக்கத்தில் இருந்த பிள்ளைகளை அவர்களுடைய தாய்மார் மறித்தார்கள். பெரிய டொக்டர் பள்ளிக்கூடத்துக்கு நேரில் போய், தலைமை வாத்தியாருக்கு முன்னால் மல்லிகாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்று பேசினார். வாத்தியார் மரியாதையாகக் கேட்டார். பெற்றோர் கேட்கவில்லை. மல்லிகா பள்ளிக்கூடம் போகாமல் வீட்டில் நின்றாள்.

தாய் மாதாமாதம் குளிசைக்கு வருவாள். ஊர்ச் சந்தியில் பஸ் ஏறாமல், அடுத்த தரிப்புவரை வயலுக்குள்ளால் நடந்துபோய் ஏறுவாள். ஒருமுறை மல்லிகாவையும் கூட்டிவந்தாள். பஞ்சைத் திரித்துக் கண்ணைப் பொத்தித் தொட்டேன். வட்டம் இருந்த இடத்தில் நிறம் திரும்பியிருந்தது, அவளும் "இஞ்சை" என்றாள். முன்னைப்போலக் கத்திச் சொல்லவில்லை, மெல்லச் சொன்னாள். நான் சந்தோசத்தில் தாயின் கையைப் பிடித்தேன். அவள் என் கையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னாள்: "மாறிட்டுது எண்டு எனக்குச் சொல்லி என்ன, டொக்டரம்மா? காக்கிக் காற்சட்டைக்காரரைத் திரும்ப ஒருக்கால் சைக்கிளிலை வந்து எங்கட படலையிலை நிண்டு சொல்லச் சொல்லுங்கோ."

வாழையிலை

முல்லைத்தீவில் சின்னக் கடை வைத்திருந்த முஸ்லிம் ஒருவர் தன் மகளைக் கொண்டுவந்தார். வாட்டில் எல்லோரும் அவரை நானா என்றோம். மகள் றமீசா, பல்லு விழுந்து முளைக்கிற வயது. காய்ச்சலென்று தகப்பன் கடையில் விற்கிற சல்பாக் குளிசையைக் கொடுத்திருக்கிறார். அந்தக் காலத்தில் கடைகளில் அது தாராளமாகக் கிடைத்தது; அவரும் எத்தனையோ வீட்டுக்குக் கொடுத்து நல்ல பெயர் எடுத்தவர். பிள்ளைக்கு முதலில் வாய் வெந்தது, பிறகு கண் சிவந்தது, பிறகு உடம்பெல்லாம் கொப்புளம். எங்களிடம் வந்தபோது, தூக்கப் பிடித்த இடத்தில் தோல் கையோடு வந்தது. நெருப்புப் படாமலே நெருப்பில் வெந்த பிள்ளை.

துணிப் படுக்கை ஒட்டிப்பிடித்து உரிக்கும் என்பதால், தீக்காயப் பிள்ளைகளுக்குச் செய்வதுபோலக் கட்டிலில் வாழையிலை விரித்தோம். நானா பக்கத்தில் சொந்தக்காரர் வீட்டில் தங்கி, அவர்கள் வளவிலிருந்து காலையும் மாலையும் இலை கொண்டுவந்து தருவார். திரேசா மிஸி அவற்றைச் சுடுதண்ணீரில் வாட்டி ஆறவைத்து விரிப்பார். றமீசாவின் உம்மா கட்டில் தலைமாட்டில் இருந்து பஞ்சில் தண்ணீர் நனைத்து உதட்டில் விட்டுக்கொண்டேயிருந்தார். இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ, நானா பெரிய டொக்டரை வாசலில் மறித்து, "நான் குடுத்த குளிசையாலயா?" என்று கேட்டார். பெரிய டொக்டர், "ஓம்" என்றார். "அதே குளிசை ஆயிரம் பிள்ளையளுக்கு நல்லது செய்யும். ஒரு பிள்ளைக்கு இப்பிடிச் செய்யும். எந்தப் பிள்ளைக்கெண்டு உமக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. நானும் அப்பிடித்தான் குடுத்திருப்பன்." நானா தலையை ஆட்டினார். பிறகு இலை வெட்டப் போய்விட்டார்.

சில நாள் றமீசா பிழைத்துவிடுவாள் போல இருந்தது. முதுகில் காய்ந்தது, ஒரு காலை கொஞ்சம் இளநீர் குடித்து, உம்மாவோடு கோபித்துக்கொண்டாள். பிறகு காய்ச்சல் ஏறியது. விடிந்து வெயில் வாட்டுக்குள் வந்த நேரத்தில் முடிந்துபோனாள். நானா வரும்போது நாங்கள் அவளைத் துடைத்து, வெள்ளைத் துணியால் மூடியிருந்தோம். அவர் கையில் அன்றைய இலைகள், பனி துடைத்துச் சுருட்டிக் கட்டியது. மகளின் தலையில் கை வைத்து, வாய்க்குள் ஓதினார். உம்மாவைத் தூக்கி நிறுத்தினார். எதிர்க் கட்டிலில், நெல் அவித்த தண்ணீர் கொட்டி முதுகு வெந்த கைக்குழந்தை ஒன்று கத்திக்கொண்டிருந்தது. நானா அதைப் பார்த்தார், பிறகு இலைக் கட்டை என் கையில் தந்தார்: "பிஞ்சு இலையாப் பார்த்து வெட்டினது, மகள். வாட விடாதீங்க, அந்தப் புள்ளைக்குப் போடுங்க."

அந்த வருடக் கடைசியில் கொழும்பில் நடந்த மேற்படிப்புச் சோதனையில் தோல் வருத்தங்கள் பகுதியில் எனக்கு மிக நல்ல புள்ளி கிடைத்தது, ஆனால் தண்ணீரைப் பற்றியோ மாமியாரைப் பற்றியோ காக்கிக் காற்சட்டையைப் பற்றியோ அவர்கள் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.